டைட்டானியம்: உலையில் பிறக்கும் வலிமை

ஜெட் என்ஜின் விசிறித் தகடுகள் பலவும், செயற்கை இடுப்பு மூட்டுத் தண்டுகள் பலவும் ஒரே கலவையில் செய்யப்படுபவை: டைட்டானியத்துடன் 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம். சுமார் 700 டிகிரியில் வைத்திருந்து ஆறவிட்டால் இதன் இழுவிசை வலிமை ஏறத்தாழ 950 மெகாபாஸ்கல். வேறுவிதமாகச் சூடாக்கினால் அதே கலவை 1,100-ஐத் தாண்டுகிறது. உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் மட்டுமே மாறியிருக்கும்.

தூய டைட்டானியத்தின் அணுக்கள் 882 டிகிரி செல்சியஸ் வரை அறுகோண அடுக்கில் இருக்கும்; இது ஆல்பா. அதற்கு மேல் கனசதுர அடுக்கு, இது பீட்டா. அலுமினியம் ஆல்பாவுக்குத் துணை, வனேடியம் பீட்டாவுக்குத் துணை. அதனால் நம் கலவையில் இரண்டும் அறை வெப்பநிலையிலும் சேர்ந்தே இருக்கின்றன. சுமார் 995 டிகிரியைக் கடந்தால்தான் முழுக்கப் பீட்டா.

வலிமை கூட்ட, கலவையை 955 டிகிரி அளவில் வைத்திருந்து சட்டென்று தண்ணீரில் அமிழ்த்துவார்கள். எஃகு என்றால் அந்தக் கணமே கடினமாகிவிடும். இடுக்குகளில் சிக்கிய கரி அணுக்கள் செய்யும் வேலை அது. டைட்டானியத்தில் அந்த வேலையைச் செய்யும் அளவுக்கு அப்படிச் சிக்கும் அணுக்கள் இல்லை. எனவே தண்ணீரிலிருந்து எடுத்த துண்டின் வலிமை பெரிதாகக் கூடியிருக்காது. அதை மறுபடி 540 டிகிரி அளவில் நான்கைந்து மணி நேரம் வைக்க வேண்டும். அப்போதுதான் அவசரத்தில் உறைந்த அமைப்பு சிதைந்து, மிக நுண்ணிய ஆல்பா துகள்கள் பிரிகின்றன. உலோகம் வளையும்போது படிகத்துக்குள் நகரும் குறைபாடுகளை அவை வழிமறிக்கின்றன. இந்த உலோகத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம், பொறுமையாக நடக்கும் இந்த இரண்டாம் சூடுதான்.

995-ஐத் தாண்டிச் சூடாக்கினால் என்ன? தடுக்க ஆல்பா இல்லாததால் பீட்டா படிக மணிகள் பருத்துவிடும். மெதுவாக ஆறவிட்டால் அவற்றுக்குள் ஆல்பா தகடு தகடாக வளரும். விரிசல் அந்தத் தகடுகளில் முட்டித் திரும்பித் திரும்பிப் போக வேண்டியிருப்பதால் மெதுவாகவே பரவும். ஆனால் உலோகம் நீண்டு கொடுக்கும் தன்மை குறையும். திரும்பத் திரும்ப வரும் சுமையில் விரிசல் சீக்கிரமே தொடங்கும். தகடுகளுக்குப் பதிலாக ஆல்பா உருண்டை மணிகளாக வேண்டுமென்றால் சூடு மட்டும் போதாது. சம்மட்டியாலோ உருளையாலோ நசுக்கிய பிறகே சூடாக்க வேண்டும்.

டைட்டானியம் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவது. தண்ணீரில் அமிழ்த்தும் துண்டு 25 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் நடுப்பகுதி போதிய வேகத்தில் குளிராது. அங்கே வலிமையும் முழுதாக ஏறாது. உலைக்குள் காற்று இருந்தால் இன்னொரு தொல்லை. சூடான டைட்டானியம் ஆக்சிஜனை உள்ளிழுத்து, மேற்பரப்பில் நொறுங்கும் தோல் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். விரிசல் அங்கிருந்தே கிளம்பும். ஆகவே வெற்றிடத்திலோ ஆர்கான் வாயுவிலோ சூடாக்குகிறார்கள். காற்றிலேயே சூடாக்கினால், அந்தத் தோலை அமிலத்தில் கரைத்தெடுத்த பிறகே பாகத்தைப் பயன்படுத்துகிறார்கள்.