உங்களுக்குத் தெரியுமா? 'நாலு பேர்' ஸ்பெஷல்

✱ "நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று நாம் தவித்துக்கொண்டிருக்கும்போது, அந்த நாலு பேர் பெரும்பாலும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு இது. பாடகர் பேரி மேனிலோவின் முகம் போட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டிவிட்டு (அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது பெரிய மானக்கேடு), சக மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்பது சட்டை போட்டவர்களின் கணிப்பு. உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிக்கும் குறைவு.

✱ ஆனால் அதே நாலு பேர் வாயைத் திறந்துவிட்டால் கதை வேறு. வார்சாவில் பிறந்து 13 வயதில் அமெரிக்கா போய்ச் சேர்ந்த உளவியலாளர் சாலமன் ஆஷ், 1950-களில் இதைச் சோதித்துப் பார்த்தார். ஏழெட்டுக் கல்லூரி மாணவர்களை வரிசையாக உட்காரவைத்து இரண்டு அட்டைகளைக் காட்டினார். ஒன்றில் ஒரே ஒரு கோடு. இன்னொன்றில் மூன்று கோடுகள். முதல் அட்டையில் இருப்பதன் நீளத்துக்குச் சமமானது எது? இவ்வளவுதான் கேள்வி. தனியாகக் கேட்டபோது நூற்றில் ஒரு பதில்கூடத் தப்பாக வரவில்லை.

சூழ்ச்சி என்னவென்றால், அந்த வரிசையில் ஒருவர்தான் நிஜமான ஆள். மற்றவர்கள் எல்லாம் முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டவர்கள். முதல் இரண்டு சுற்றில் ஒழுங்காகப் பதில் சொல்வார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக, கொஞ்சமும் கூசாமல், ஒரே தப்பைச் சொல்வார்கள். நம் ஆளின் முறை வருவதற்குள் அவர் அட்டையை இன்னொரு தடவை உற்றுப் பார்ப்பார். அசட்டுச் சிரிப்பு வரும். குரல் இறங்கிவிடும். 123 பேரிடம் நடத்திய சோதனையில், இப்படிப்பட்ட சுற்றுகளில் 36.8 சதவீதப் பதில்கள் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாயின.

'மனிதன் மந்தைதான்' என்பதற்கு இதைச் சாட்சிக்கு இழுக்காத மேடை இல்லை. மீதி 63 சதவீதம் எங்கே போயிற்று? கிட்டத்தட்ட நாலில் ஒருவர் கடைசிவரை ஒருமுறைகூட மசியவில்லை. என்னைக் கேட்டால் பெரிய செய்தி அதுதான்.

✱ அழுத்தம் கொடுக்க எத்தனை பேர் வேண்டும்? அதையும் ஆஷ் பார்த்தார். எதிரே ஒருவர் மட்டும் தப்பாகச் சொன்னால் நம் ஆள் அநேகமாக அசைவதே இல்லை. இருவர் என்றால் தப்பு 13.6 சதவீதம். மூவர் என்றால் ஒரே தாவலில் 31.8. அதற்குமேல் 15 பேர் வரை ஆள் சேர்த்தும் பெரிதாக ஏறவில்லை. ஆக, நம்முடைய 'நாலு பேர்' கணக்கில் ஒரு ஆள் உபரி! கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் சரியான பதிலைச் சொன்னபோது, தப்பு கால்வாசியாகச் சரிந்தது. வாய்விட்டுச் சொல்லாமல் காகிதத்தில் எழுதச் சொன்னாலும் தப்பு குறைந்தது. பெரும்பாலோருக்குக் கோளாறு கண்ணில் இல்லை.

✱ 1962-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'கேண்டிட் கேமரா' நிகழ்ச்சியில், லிஃப்டுக்குள் நின்ற நடிகர்கள் எல்லோரும் கதவுக்கு முதுகைக் காட்டினார்கள். விஷயம் தெரியாமல் உள்ளே வந்தவரும் மெல்ல மெல்லத் திரும்பினார். அவர்கள் தொப்பியைக் கழற்றினால் இவரும் கழற்றினார்.

✱ ஆஷிடம் உதவியாளராக இருந்தவர் ஸ்டான்லி மில்கிராம். 1970-களில் இவர் தன் மாணவர்களுக்குக் கொடுத்த வேலை விசித்திரமானது. நியூயார்க் பாதாள ரயிலில் ஏறி, உட்கார்ந்திருப்பவரிடம் போய், "உங்க சீட்டை எனக்குத் தர முடியுமா?" என்று கேட்க வேண்டும். காரணம் எதுவும் சொல்லக் கூடாது. அடிதான் விழும் என்று நினைப்போம். 68 சதவீதம் பேர் இடம் கொடுத்துவிட்டார்கள்! இதைவிட வேடிக்கை, "நின்னுக்கிட்டே புத்தகம் படிக்க முடியலை" என்று ஒரு சொத்தைக் காரணம் சொன்னபோது இது 42 சதவீதமாகக் குறைந்துபோனது. காரணம் கேட்கும் அவகாசத்தில் எதிராளி சுதாரித்துக்கொள்கிறார் போலும்.

கஷ்டப்பட்டதெல்லாம் கேட்டவர்கள்தான். மாணவர்கள் புலம்பியதைப் பார்த்து மில்கிராமே ஒரு நாள் களத்தில் இறங்கினார். ஒருவர் முன்னால் போய் நின்றார். வார்த்தை தொண்டையிலேயே மாட்டிக்கொண்டது. ஒருவழியாகக் கேட்டு, சீட்டும் கிடைத்த பிறகு, கேட்டதற்கு நியாயம் கற்பிப்பதுபோல் தலை தானாகக் கவிழ்ந்தது, முகம் வெளுத்தது. நடிக்கவில்லை, செத்துவிடுவேன் போல நிஜமாகவே இருந்தது என்று பின்னால் சொன்னார். 450 வோல்ட் வரை ஷாக் கொடுக்கச் சொன்னால் மனிதர்கள் கொடுப்பார்களா என்று சோதித்து உலகையே அதிரவைத்த அதே மில்கிராம்தான்.

✱ 1968-இல் வெளியான ஆய்வு. ஓர் அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பவர்கள் மீது சுவர் இடுக்கு வழியாகப் புகையை விட்டார்கள் லட்டானே, டார்லி என்ற இருவர். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்த் தகவல் சொன்னார்கள். பக்கத்தில் சொல்லிவைத்த இரண்டு ஆட்கள் கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டிருந்தபோது, பத்தில் ஒருவர்தான் எழுந்தார். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், கையால் புகையை விலக்கி விலக்கிப் படிவத்தை நிரப்பினார்கள்.

✱ நம் திருவக்கரையில் இருப்பதுபோல அமெரிக்காவின் அரிசோனாவிலும் கல்மரங்கள் உண்டு. அங்கே வருகிறவர்கள் சின்னத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ராபர்ட் சியால்டினி குழுவினர் அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையில் போட்டுவைத்து, அறிவிப்புப் பலகையின் வாசகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்றபோது காணாமல் போனது 1.67 சதவீதம். 'முன்பு வந்தவர்கள் பலரும் எடுத்துப்போய் இந்தக் காடே மாறிவிட்டது' என்று உருக்கமாக எழுதியபோது 7.92 சதவீதம்! 'இங்கே எல்லாருமே லஞ்சம் வாங்குறான்' என்று மைக் பிடித்துத் திட்டுபவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

✱ 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் அரங்குகளில் கைதட்டக் கூலிப்படை இருந்தது. சிரிப்பதற்குத் தனி ஆள், கைக்குட்டையோடு அழுவதற்குத் தனிப் பெண்கள், 'இன்னொரு தடவை!' என்று கத்த வேறு ஆள். இவர்களுக்கு ஒரு தலைவர். எந்த இடத்தில் தட்டுவது என்பதை ஒத்திகையின்போதே குறித்துவைத்துக்கொள்வார். முதல் காட்சியில் விசில் பறப்பதைக் கேட்டுப் படத்தை எடைபோடுகிறவர்கள் கவனிக்க.

✱ குரங்குக்கும் ஊரோடு ஒத்துப்போக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் வெர்வெட் குரங்குகளுக்கு நீலம், இளஞ்சிவப்பு என இரு நிற மக்காச்சோளம் வைத்தார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் மாற்றி, ஒரு நிறத்தில் மட்டும் கசப்பு. கசப்பில்லாத நிறத்தையே அவை தின்னப் பழகின. சில மாதம் கழித்து இரண்டிலும் கசப்பை எடுத்துவிட்டார்கள். புதிதாகப் பிறந்த 27 குட்டிகளில் 26, தாய் தின்ற நிறத்தை மட்டுமே தின்றன. வேறு நிறம் தின்னும் கூட்டத்துக்குக் குடிபெயர்ந்த ஆண் குரங்குகளோ, ஏறக்குறைய எல்லாமே, போன இடத்து நிறத்துக்கு மாறிவிட்டன.

✱ சவுதி அரேபியாவின் ரியாத் நகரில், திருமணமான இளைஞர்களை ஒரே பேட்டையிலிருந்து ஏறத்தாழ முப்பது முப்பது பேராக ஆராய்ச்சியாளர்கள் கூட்டினார்கள். 'பெண்கள் வெளியே வேலைக்குப் போகலாமா?' என்று ரகசியமாகக் கேட்டார்கள். 87 சதவீதம் பேர் 'போகலாம்' என்றார்கள். 'இந்த அறையில் எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள்?' என்று கேட்டால் நாலில் மூன்று பேர் குறைத்தே மதிப்பிட்டார்கள். ஒவ்வொருவரும் மற்றவருக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேரிடம் மட்டும் உண்மை எண்ணிக்கையைச் சொன்னார்கள். மனைவியின் பெயரை வேலைவாய்ப்புச் சேவையில் பதிந்தவர்கள், சொல்லாதவர்களில் 23 சதவீதம், சொன்னவர்களில் 32. சில மாதங்கள் கழித்து விசாரித்தபோது, வேலைக்கு விண்ணப்பித்திருந்த மனைவியரின் விகிதம் சொல்லாதவர்கள் தரப்பில் 6 சதவீதம், சொன்னவர்கள் தரப்பில் 16.

✱ பழைய யூதச் சட்டத்தில் மரண தண்டனை வழக்கை 23 நீதிபதிகள் விசாரிப்பார்கள். அத்தனை பேரும் ஒரே குரலில் 'குற்றவாளி' என்றால், குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்துவிட வேண்டும் என்கிறது தால்மூத். எதிர்த்துப் பேச ஓர் ஆள்கூட இல்லாத விசாரணை என்ன விசாரணை? மரண வழக்குகளில் இன்னொரு விதியும் உண்டு. கருத்துச் சொல்வதில் முதல் முறை, ஆக இளைய நீதிபதிக்கு.