ஓர் ஈயின் தாய்ப்பால்

பெரும்பாலான ஈக்கள் முட்டைகளைக் கொத்துக்கொத்தாக இட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பறந்துவிடும். ஆப்பிரிக்காவின் செட்சி ஈ அப்படியல்ல. ஒரு தடவைக்கு ஒரே ஒரு குட்டிதான். அதையும் வயிற்றுக்குள்ளேயே பாலூட்டி வளர்க்கிறது. பிறக்கும்போது அந்தப் புழு கிட்டத்தட்ட தாயின் எடை இருக்கும். 60 கிலோ பெண் ஒருத்தி 60 கிலோ குழந்தையைப் பெற்றெடுப்பதை நினைத்துப் பாருங்கள்! பிறந்ததும் மண்ணுக்குள் புதைந்து கூட்டுப்புழுவாகிறது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து இறக்கையோடு வெளியே வந்து முதல் இரத்தத்தை உறிஞ்சும்வரை, அம்மாவின் பால்தான் அதற்குக் கட்டுச்சோறு.

தூக்க நோயைப் பரப்புவது இந்த ஈதான். அதன் கடி வழியே டிரிப்பனோசோம் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி உடலுக்குள் புகுகிறது. கவனிக்காமல் விட்டால் மூளைவரை போய் ஆளைக் கொல்லும்.

கொசுக்களில் பெண் மட்டுமே கடிக்கும். ஆண் தேன் குடித்துப் பிழைக்கும். செட்சியில் ஆண், பெண் இரண்டுக்கும் இரத்தத்தைத் தவிர வேறு உணவில்லை. இரத்தத்தில் புரதம் கொழிக்கும், பி வைட்டமின்களோ மிகக் குறைவு. தீட்டிய அரிசியையே உண்டு வாழ்ந்தவர்களைப் பெரிபெரி நோய் படுக்கவைத்ததே, அதே போன்ற குறைதான். ஆனாலும் ஈ திடமாகப் பறக்கிறது. எப்படி?

அதன் குடலின் முன்பகுதியில் லாட வடிவத்தில் ஓர் உறுப்பு இருக்கிறது. ‘பாக்டீரியாக் கூடம்’ என்று அதைச் சொல்லலாம்: பாக்டீரியாவைக் குடிவைப்பதற்கென்றே அமைந்த செல்களின் கூட்டம். அங்கே வசிக்கும் விகிள்ஸ்வொர்த்தியா என்ற பாக்டீரியாதான் ஈக்கு வேண்டிய பி வைட்டமின்களைச் சமைத்துத் தருகிறது. பூச்சிகளின் உடலியங்கியலை ஆராய்ந்த பிரிட்டிஷ் அறிஞர் வின்சென்ட் விகிள்ஸ்வொர்த்தின் பெயர் அதற்கு.

2002-ல் அதன் மரபுத்தொகுதி முழுவதையும் படித்தார்கள். சுமார் 7 லட்சம் எழுத்துகள். நம் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவுக்கு 46 லட்சம். பக்கத்துக்கு 2,000 எழுத்து என அச்சிட்டால், ஈ.கோலி 2,300 பக்கப் பெரும் புத்தகம்; இதுவோ 350 பக்கம். ஈயின் உடலே எல்லாம் தருவதால் தேவையற்ற பக்கங்கள் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன. வைட்டமின் செய்யும் பக்கங்களோ பத்திரமாக இருக்கின்றன. இன்னொன்றும் மிஞ்சியிருந்தது, அதுதான் எனக்குப் பெரும் வியப்பு: நீந்த உதவும் சாட்டையிழைக்கான மரபணுக்கள். செல்லுக்குள் அடைந்து கிடக்கும் உயிருக்கு நீச்சல் எதற்கு? அடுத்த தலைமுறையை எட்டத்தான் என்று கருதுகிறார்கள். தாயின் பால் சுரப்பியிலும் இந்த பாக்டீரியா உண்டு. பாலோடு சேர்ந்து குட்டிக்குள் போய்விடுகிறது.

இந்தப் பாலத்தை அறுத்தால் என்ன ஆகும்? ஆய்வாளர்கள் தாய் ஈக்கு ஆம்பிசிலின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தைக் கொடுத்தார்கள். அந்த மருந்து பாலில் இருந்த பாக்டீரியாவை அழித்தது. செல்களுக்குள் பதுங்கியவற்றைத் தொடவில்லை. தாய்க்கு ஒரு குறையுமில்லை, வழக்கம்போல ஈன்றது. ஆனால் இந்த பாக்டீரியாவின் துணையின்றிப் பிறந்த பெண் ஈக்கள் மலடாயின. அதைவிட விந்தை, அவற்றின் நோய் எதிர்ப்பாற்றலே சரியாக வளரவில்லை. கிருமிகளை விழுங்கும் இரத்தச் செல்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. சாதாரண ஈ தாக்குப்பிடிக்கும் ஈ.கோலித் தொற்றுக்கே மடிந்தன.

டிரிப்பனோசோமும் இந்த ஈக்களிடம்தான் எளிதாக வேரூன்றியது. காட்டில் பறக்கும் செட்சி ஈக்களில் தூக்க நோய் ஒட்டுண்ணியைச் சுமப்பவை சிறு பங்கே. அதற்கு, புழுவாக இருந்தபோது அவை குடித்த அந்தப் பாலும் ஒரு காரணம்.