இன் கன்ட்ரோல், வால்யூம் 1

இன் கன்ட்ரோல், வால்யூம் 1 என்பது அமெரிக்க ஹிப் ஹாப் இசைத் தயாரிப்பாளரான மார்லி மார்ல் 1988 ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத்தொகுப்பு ஆகும். கோல்ட் சில்லின் நிறுவனம் இதனை வார்னர் பிரதர்ஸ் வழியாக வெளியிட்டது. இத்தொகுப்பில் பத்துப் பாடல்கள் உள்ளன. அவற்றில் சொல்லிசைப்பவர்கள் அனைவரும் விருந்தினர்களே. எனினும் அட்டையில் தொகுப்புக்கு உரியவராக இடம்பெற்றுள்ளது, பின்னணியில் ஒலிகளை அமைத்த மார்லி மார்லின் பெயராகும். தயாரிப்பாளர் ஒருவர் பல கலைஞர்களை அழைத்துத் தம் பெயரில் தொகுப்பு வெளியிடும் வழக்கம் பின்னாளில் ஹிப் ஹாப்பில் பரவலானது. அவ்வழக்கத்தின் மிகத் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

பின்னணி

மார்லி மார்லின் இயற்பெயர் மார்லன் வில்லியம்ஸ். இவர் 1962 இல் பிறந்தவர். நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் உள்ள குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பைச் சேர்ந்தவர். குயின்ஸ்பிரிட்ஜ் 3,000 க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகும். 1984 இல் அதே குடியிருப்பைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுமி ரொக்சான் ஷாண்டே பாடிய "ரொக்சான்ஸ் ரிவெஞ்ச்" என்ற பாடலை இவர் வீட்டிலேயே பதிவு செய்தார். பெரிய ஒலிப்பதிவுக் கூடம் இல்லாமலேயே வெற்றிப்பாடல் ஒன்றை உருவாக்க இயலும் என்பதை அப்பாடல் காட்டியது.

இதே காலத்தில் டபிள்யூபிஎல்எஸ் வானொலியில் மிஸ்டர் மேஜிக் நடத்திய ராப் நிகழ்ச்சியில் மார்லி மார்ல் இசைத்தட்டு இயக்குநராகவும் இருந்தார். இவ்விருவரையும் சுற்றி உருவான கலைஞர் குழு ஜூஸ் குரூ எனப்பட்டது. எம்சி ஷான், பிஸ் மார்க்கி, பிக் டாடி கேன், கூல் ஜி ராப், கிரெய்க் ஜி, மாஸ்டா ஏஸ் ஆகியோர் இக்குழுவில் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்களது முதல் தொகுப்புகள் பலவற்றிலும் தயாரிப்பாளர் பெயர் ஒன்றே. 1988 இல் வந்த பிக் டாடி கேனின் "லாங் லிவ் த கேன்" தொகுப்பும் பிஸ் மார்க்கியின் "கோயிங் ஆஃப்" தொகுப்பும் இவ்வகையின. ஆனால் அட்டைகளில் பாடியவரின் படமே இருக்கும். தயாரிப்பாளரைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைத்தான் படிக்க வேண்டும். "இன் கன்ட்ரோல்" அந்த வரிசையைத் திருப்பி வைத்தது.

ஒலியமைப்பு முறை

மார்லி மார்லின் பெயர் அட்டைக்கு வரத் தகுதியுடையதா என்ற கேள்விக்கு விடை அவரது மத்தள ஒலியில் உள்ளது. 1980 களின் தொடக்கத்தில் ராப் இசைத்தட்டுகளில் பெரும்பாலும் டிரம் மெஷினில் தொழிற்சாலையிலேயே பதிந்து தரப்பட்ட ஒலிகளே ஒலித்தன. எல்லோரிடமும் அதே கருவி, அதே ஒலி. 1980 களின் நடுப்பகுதியில் பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து குரல் துணுக்கு ஒன்றை வெட்டி எடுக்க முயன்றபோது, அதனுடன் ஸ்நேர் டிரம் அடி ஒன்றும் தவறுதலாகச் சேர்ந்து வந்துவிட்டதாக மார்லி மார்ல் பல நேர்காணல்களில் கூறியுள்ளார். அந்த அடியை விசையை அழுத்தித் தனியாக ஒலிக்கச் செய்தபோது, அது டிரம் மெஷினின் ஒலியைவிடக் கனமாகவும் உயிருடனும் இருந்தது.

இதன் பொருள் என்னவென்றால், எந்தப் பழைய தட்டிலிருந்தும் ஒரு பேஸ் டிரம் அடியையும் ஒரு ஸ்நேர் அடியையும் தனித்தனியே பிரித்தெடுத்து, வேண்டிய வரிசையில் புதிதாக அடுக்கலாம் என்பதாகும். பழைய பாடலின் தாளம் வேறு, புதிய பாடலின் தாளம் வேறு. ஒலி மட்டும் பழையது. தொடக்கத்தில் இவர் கோர்க் எஸ்டிடி-2000 என்ற எதிரொலிக் கருவிகளில் ஒவ்வோர் அடியையும் சேமித்து, ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷின் அனுப்பும் துடிப்புகளால் அவற்றை இயக்கினார். டிரம் மெஷின் இங்கே ஒலி எழுப்புவதில்லை. எப்போது ஒலிக்க வேண்டும் என்று கட்டளையிடுவது மட்டுமே அதன் வேலை. 1973 இல் வெளிவந்த "இம்பீச் த பிரசிடென்ட்" என்ற பாடலின் மத்தள அடிகளை இம்முறையில் பயன்படுத்தியே எம்சி ஷானின் "த பிரிட்ஜ்" உருவானது.

பாடல்கள்

தொகுப்பு கிரெய்க் ஜி பாடிய "டிராப்பின் சயன்ஸ்" பாடலுடன் தொடங்குகிறது. ஹெவி டி, பிஸ் மார்க்கி இருவரும் ஒரு பாடலில் இணைந்துள்ளனர். அப்போது பதின்ம வயதினரான டிராஜெடி இரு பாடல்களிலும், எம்சி ஷான், ரொக்சான் ஷாண்டே ஆகியோர் தலா ஒரு பாடலிலும் இடம்பெறுகின்றனர். "டக் அலர்ட்" என்பது போட்டி வானொலியின் டிஜே ரெட் அலர்ட்டைத் தாக்கும் பாடலாகும். வானொலிப் போட்டியின் பின்னணி அறியாதவர்களுக்கு இன்று அது அதிகம் பொருள்படாது.

தொகுப்பின் உயிர்நாடி "த சிம்பனி". மாஸ்டா ஏஸ், கிரெய்க் ஜி, கூல் ஜி ராப், பிக் டாடி கேன் ஆகிய நால்வரும் ஒருவர் பின் ஒருவராகப் பாடும் இப்பாடலில் பல்லவி கிடையாது. ஓட்டிஸ் ரெடிங்கின் "ஹார்ட் டு ஹேண்டில்" பாடலிலிருந்து எடுத்த துணுக்கு மீண்டும் மீண்டும் சுழல்கிறது. முதலில் பாட யாரும் முன்வராத நிலையில், குழுவில் மிகப் புதியவரான மாஸ்டா ஏஸ் தொடங்கினார். ஒரு ராப் போட்டியில் வென்று, மார்லி மார்லுடன் ஒலிப்பதிவு நேரம் என்ற பரிசைப் பெற்றதன் மூலமே அவர் இக்குழுவை அடைந்திருந்தார். பல கலைஞர்கள் வரிசையாகப் பாடும் கூட்டுப் பாடல்களுக்கு இது இன்றும் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. நால்வரின் நடையும் நான்கு விதம். அவற்றை ஒரே பாடலாகக் கட்டி வைத்திருப்பது அந்தச் சுழலும் பியானோவும் மத்தளமும்தான்.

பின்விளைவுகள்

பழைய தட்டுகளிலிருந்து ஒலி எடுக்கும் இம்முறை நெடுநாள் தடையின்றித் தொடரவில்லை. டிசம்பர் 17, 1991 இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாடலை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காக பிஸ் மார்க்கிக்கும் வார்னர் நிறுவனத்துக்கும் எதிராகத் தீர்ப்பளித்தது. அதன் பின் இசைத் துணுக்குகளுக்கு முன்அனுமதி பெறுவதும் கட்டணம் செலுத்துவதும் நடைமுறையாயின. இத்தீர்ப்பு ஹிப் ஹாப்பின் படைப்புரிமையைக் குறுக்கியது என்று கூறுவோர் பலர். ஆயினும் தயாரிப்பாளரின் பெயரை அட்டையின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்த இதே தொகுப்பில், அந்த மத்தளங்களை முதலில் வாசித்தவர்கள் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளுக்குக்கூட வந்து சேரவில்லை என்பதும் கருதத்தக்கது.

இதன் இரண்டாம் பாகம் 1991 இல் வெளியானது. முதல் பாகத்தின் செல்வாக்கை அது பெறவில்லை. இடையில் 1990 இல் எல்எல் கூல் ஜேயின் "மாமா செட் நாக் யூ அவுட்" தொகுப்பை மார்லி மார்ல் தயாரித்தார். அவரது வானொலி நிகழ்ச்சியில் இளம் வயதில் பணியாற்றிய பீட் ராக், 1998 இல் "சோல் சர்வைவர்" என்ற பெயரில் விருந்தினர்களைக் கொண்டு தம் சொந்தத் தொகுப்பை வெளியிட்டார். ஜூஸ் குரூவைச் சேர்ந்த கூல் ஜி ராப்பும் அதில் பாடியுள்ளார்.