நட்சத்திர விடுதிகளின் புள்ளிச் சலுகை: வியாபாரிக்கு லாபமா?

வணிகப் பெருமக்களுக்குத் தள்ளுபடிக் கணக்கு புதிதல்ல. சோப்பு கம்பெனி சேல்ஸ்மேன் வந்து "12 வாங்கினால் 1 இலவசம்" என்று சொன்ன உடனேயே, 12 பொருளின் விலையில் 13 பொருள், ஆகத் தள்ளுபடி 7.7 சதவீதம் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவோம். அதோடும் விடுவதில்லை. அந்தச் சரக்கு நம் கடையில் எத்தனை நாளில் நகரும், காலாவதித் தேதி எப்போது என்றும் பார்த்த பிறகுதான் ஆர்டர் கொடுப்போம். ஆனால் அதே வியாபாரி வெளியூரில் அறை எடுத்துத் தங்கிவிட்டு, "உங்கள் கணக்கில் 500 பாயிண்ட் சேர்ந்துள்ளது" என்று கைபேசியில் செய்தி வந்தால், அது எத்தனை ரூபாய் என்று கேட்பதில்லை. கடையில் போடும் கணக்கை விடுதியிலும் போட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேட்டூர், மேச்சேரி, நங்கவள்ளி, கொளத்தூர் பகுதி மளிகை வியாபாரிகளின் கொள்முதல் பெரும்பாலும் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் முடிந்துவிடுகிறது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். சென்னை, பெங்களூர் போகும்போதுதான் ஓரிரு இரவு தங்க நேர்கிறது. பேக்கிங் இயந்திரம் பார்க்க, கண்காட்சிக்கு, கம்பெனிகளின் டீலர் கூட்டத்துக்கு, மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு, மருத்துவத்துக்கு, கல்யாண ஜவுளி எடுக்க என்று காரணங்கள் பல. முன்பு பழகிய லாட்ஜ் ஒன்று இருக்கும். நேரே அங்கேதான் போவோம். இன்று கடையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் கைபேசியிலேயே பெரிய நிறுவனங்களின் விடுதிகளில் அறை பதிவு செய்துவிடுகிறார்கள். புள்ளிச் சலுகை அந்த வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

புள்ளி என்பது பரிசு அல்ல. இன்று முழு விலையையும் வாங்கிக்கொண்டு, தள்ளுபடியை அடுத்த முறை வரும்போது தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. சீட்டின் மதிப்பைக் கணக்கிடும் முறையை வைத்துப் பார்த்தால் இத்திட்டங்கள் இரண்டு வகைப்படும்.

மதிப்பு நிலையாக உள்ள புள்ளிகள்

முதல் வகைக்கு உதாரணம் டாடா குழுமத்தின் விடுதிகள். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1974இல் திறந்த தாஜ் கோரமண்டல் முதல், சிக்கனமாகத் தங்குவோருக்கான ஜிஞ்சர் வரை ஒரே குடும்பம். இவர்களிடம் முன்பு 'தாஜ் இன்னர் சர்க்கிள்' என்ற தனித் திட்டம் இருந்தது. 2022 ஏப்ரலில் 'டாடா நியூ' செயலி வந்தபோது அது அத்துடன் இணைந்தது. இப்போது தருவது 'நியூகாயின்'. ஒரு காயின் ஒரு ரூபாய். ஆரம்ப நிலை உறுப்பினருக்கு அறைக் கட்டணத்தில் சுமார் 5 சதவீதம் காயினாக வரும். வரி நீங்கலாக 4,500 ரூபாய் அறை என்றால் 225 காயின், அதாவது 225 ரூபாய். கணக்கு எளிது. சிறு தொகையாக இருந்தாலும் செலவழிக்கலாம் என்பது கூடுதல் வசதி.

அக்கார் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் நொவோடெல், ஐபிஸ் விடுதிகள் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ளன. இங்கும் மதிப்பு நிலையானதே: 2,000 புள்ளிக்கு 40 யூரோ கழிவு. ஆனால் 2,000 சேரும்வரை ஒன்றும் கிடைக்காது. நொவோடெல் வகையில் ஆரம்ப நிலை உறுப்பினருக்கு 10 யூரோவுக்கு 25 புள்ளி. ஐபிஸில் அதில் பாதி. கணக்கு வசதிக்காக ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4,500 ரூபாய் அறை 45 யூரோ. ஐபிஸில் ஒரு இரவுக்கு 56 புள்ளி வரும். 2,000 புள்ளி சேர 36 இரவு தங்க வேண்டும். ஆண்டுக்கு நான்கு இரவு தங்கும் வியாபாரிக்கு ஒன்பது ஆண்டு ஆகும். சதவீதத்தில் பார்த்தால் நொவோடெலில் 5, ஐபிஸில் 2.5. சிக்கனம் கருதி ஐபிஸுக்குப் போகும் நம்மைப் போன்றோருக்குத்தான் சலுகை பாதியாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மதிப்பு மிதக்கும் புள்ளிகள்

மேரியட், ஹில்டன், ஐஎச்ஜி, ஹயாத் ஆகிய அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்கள் இரண்டாம் வகை. முதல் மூன்றும் பெரும்பாலான விடுதிகளில் ஒரு டாலருக்கு 10 புள்ளி தருகின்றன. ஹயாத் 5 தருகிறது. அதனால் ஹயாத் பாதி மதிப்புதான் என்று எண்ணிவிடக் கூடாது. ஓர் இலவச இரவுக்கு எத்தனை புள்ளி கேட்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பத்துப் பைசா நாணயம் பத்து வைத்திருப்பவரைவிட ஒரு ரூபாய் நாணயம் இரண்டு வைத்திருப்பவரிடம் பணம் அதிகம் அல்லவா? பொதுவாக ஹயாத் புள்ளி ஒன்றின் மதிப்பு மற்ற மூன்றையும்விட அதிகம்.

இலவச இரவின் விலையும் நிலையாக இருப்பதில்லை. மேரியட் நிறுவனம் தன் நிலையான புள்ளிப் பட்டியலை 2022இல் கைவிட்டது. இப்போது அறை வாடகை ஏறும் நாளில் கேட்கும் புள்ளியும் ஏறுகிறது. ஆகவே இந்த வகையில் "ஒரு புள்ளி இத்தனை பைசா" என்று எவர் சொன்னாலும் அதை அப்படியே நம்பாமல், தங்கப்போகும் அதே விடுதிக்கு, அதே தேதிக்கு நாமே கணக்குப் போட வேண்டும்.

கணக்கு இதுதான். ஒரு விடுதியில் அறைக் கட்டணம் 4,500, வரி சேர்த்து 4,725 ரூபாய். அதே இரவைப் புள்ளியில் எடுத்தால் 10,000 புள்ளி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 4,725ஐ 10,000ஆல் வகுத்தால் ஒரு புள்ளி சுமார் 47 பைசா. டாலர் 90 ரூபாய் என்று கொண்டால் 4,500 ரூபாய் என்பது 50 டாலர். ஓர் இரவுக்கு 500 புள்ளி. 500 புள்ளி சுமார் 236 ரூபாய். அதாவது ஐந்தேகால் சதவீதம். "20க்கு 1 இலவசம்" என்ற ஸ்கீம்தான் இது. "12க்கு 1" கொடுக்கும் சோப்பு கம்பெனியே இதைவிடத் தாராளம்.

காலாவதித் தேதி

நம் அலமாரிச் சரக்கு போலவே புள்ளிக்கும் காலாவதி உண்டு. மேரியட், ஹில்டன், ஹயாத் ஆகியவற்றில் 24 மாதம் கணக்கில் எந்த வரவு செலவும் இல்லாவிட்டால் புள்ளிகள் போய்விடும். ஐஎச்ஜியில் ஆரம்ப நிலை உறுப்பினருக்கு 12 மாதம். அக்காரில் 365 நாள். இடையில் ஒருமுறை தங்கினாலும் கெடு புதிதாகத் தொடங்கும். இந்த மாதம் ஒரு நிறுவனம், அடுத்த முறை வேறொன்று என்று மாற்றி மாற்றித் தங்குபவருக்கு நாலு இடத்திலும் சில்லறை சேரும். ஓர் இடத்திலும் உருப்படியாகத் தேறாது.

இன்னொன்றும் முக்கியம். இடைத்தரகுச் செயலிகள் மூலம் பதிவு செய்தால் பெரும்பாலும் புள்ளி கிடையாது. விடுதி நிறுவனத்திடம் நேரடியாகப் பதிவு செய்தால்தான் உண்டு. செயலியில் 8 சதவீதம் ரொக்கத் தள்ளுபடி கிடைக்கும் நாளில், 5 சதவீதப் புள்ளிக்காக அதை விடுவது கெட்டிக்காரத்தனம் அல்ல. கையில் உள்ள காசு வேறு, வரவேண்டிய பாக்கி வேறு என்பதைக் கடன் நோட்டு எழுதும் நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பில்லில் உள்ள பணம்

புள்ளியைத் தேடும் பலர் பில்லில் இருக்கும் பணத்தைக் கவனிப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் ஒன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். மேலே சொன்ன 4,500 ரூபாய் அறைக்கு வரி 225 ரூபாய். வியாபார வேலையாகப் போகிறவர் தம் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து, கடைப் பெயரில் பில் வாங்கினால் இந்த 225 ரூபாயை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வழியுண்டு. ஒரு நியூகாயின் ஒரு ரூபாய் என்ற கணக்கில் கிடைத்த அதே 225! புள்ளியைப் போல இதற்குக் காத்திருக்கவும் வேண்டாம், அதே விடுதிக்குத் திரும்பப் போகவும் வேண்டாம்.

ஆனால் இதில் மூன்று நிபந்தனைகள். முதலாவது, விடுதி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில வரிதான் பில்லில் வரும். சென்னை, கோவை பில் நமக்குப் பயன்படும். பெங்களூர் பில்லில் உள்ளது கர்நாடக வரி. தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்தவருக்கு அது கழியாது. இரண்டாவது, காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இந்தக் கழிவு இல்லை. மூன்றாவது, குடும்பத்தோடு கல்யாண ஜவுளி எடுக்கப் போன செலவை வியாபாரக் கணக்கில் எழுதக் கூடாது. சந்தேகம் இருந்தால் உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

7,500 என்ற எல்லைக் கோட்டையும் நினைவில் வையுங்கள். 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770. 7,600 ரூபாய் அறைக்கு வரியோடு 8,968. வாடகையில் 200 ரூபாய்தான் வித்தியாசம். பில்லில் 1,198 ரூபாய். வரியைக் கழிக்க முடியாதவருக்கு இந்த இழப்பை ஈடுகட்டும் புள்ளித் திட்டம் எதுவும் இல்லை.

இடமும் ஒரு விலை

சென்னையில் நமக்கு வேலை சவுகார்பேட்டையிலோ கோயம்பேட்டிலோ இருக்கும். பல நிறுவன விடுதிகள் பழைய மகாபலிபுரம் சாலையில், கம்ப்யூட்டர் கம்பெனிகளை ஒட்டி இருக்கின்றன. சோழிங்கநல்லூரிலிருந்து சவுகார்பேட்டைக்கு 25 கிலோமீட்டர் போல ஆகும். போகவர வண்டிச் செலவும் அரை நாள் நேரமும் 225 ரூபாய்ப் புள்ளியை விழுங்கிவிடும். சென்ட்ரல், எழும்பூர் பகுதியில் தங்கினால் மெட்ரோ ரயிலில் ஒரு பக்கம் மண்ணடிக்கும் மறுபக்கம் கோயம்பேட்டுக்கும் எளிதாகப் போய்வரலாம். ஒரு பகல் வேலைதான் என்றால், சேலத்தில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிக் காலையில் சென்ட்ரலில் இறங்கி, மறு இரவே திரும்பிவிடலாம். தங்காத இரவுக்கு நிகரான தள்ளுபடி எந்த நிறுவனத்திடமும் இல்லை.

யாருக்கு லாபம்?

மாதம் இரண்டு மூன்று இரவு வெளியூரில் தங்கும் மொத்த வியாபாரி, ஏஜென்சி நடத்துபவர் ஆகியோருக்குப் புள்ளி உதவும். அவர்கள் ஒரே நிறுவனத்தைப் பிடித்துக்கொண்டு, கட்டணம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் புள்ளியைச் செலவழிப்பது நல்லது. மாநாட்டுக்குச் சேர்ந்து போகிறவர்கள் அறைகளை ஒருவர் பெயரில் எடுப்பதும் உண்டு. மேரியட்டில், உறுப்பினரும் உடன் தங்கி அவரே பணம் கட்டினால், மூன்று அறை வரை அவர் கணக்கில் புள்ளி சேரும்.

ஆண்டுக்கு மூன்று நான்கு இரவு தங்கும் சில்லறை வியாபாரிக்கு என் யோசனை வேறு. உறுப்பினராகச் சேர்வதற்குக் காசு இல்லை, சேர்ந்து வையுங்கள். ஆனால் புள்ளிக்காக விடுதியைத் தேர்வு செய்யாதீர்கள். ஆண்டுக் கட்டணம் கட்டிப் புள்ளி சேர்க்கும் கடன் அட்டையும் உங்களுக்கு வேண்டாம். வேலை நடக்கும் இடம், வரி சேர்த்த மொத்த விலை, ஜிஎஸ்டி பில், கைமேல் தள்ளுபடி என்ற வரிசையில் பார்த்து, கடைசியாகப் புள்ளியைப் பாருங்கள். ரூபாயில் மதிப்புச் சொல்லும் புள்ளியே உங்களுக்கு ஏற்றது.

கடைசியாக ஒன்று. நியூகாயினை விடுதியில் மட்டுமல்ல, பிக்பாஸ்கெட்டிலும் செலவழிக்கலாம். அந்த மளிகை நிறுவனத்தின் பெரும்பங்கை டாடா குழுமம் 2021இல் வாங்கியது. ஆகவே அறை எடுத்ததற்குக் கிடைத்த சலுகை, நாளை நம் வீட்டுப் பருப்பையும் எண்ணெயையும் அங்கே வாங்கச் சொல்லி அழைக்கும். நம் வாடிக்கையாளர் கைபேசிக்கும் அதே அழைப்புத்தான் போகிறது. புள்ளி எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதை வாங்கும் இடத்தில் தெரிந்துகொண்ட வியாபாரி, விற்கும் இடத்தில் தன் வாடிக்கையாளரை எப்படித் தக்கவைப்பது என்பதையும் யோசிப்பார். பெரிய நிறுவனம் நாளைக்குத் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கிறது. நாம் சரியான எடையும் நியாயமான விலையுமாக இன்றைக்கே கையில் கொடுத்துவிட முடியும்.