இல்லத்தில் ஒரு முகில்

‘கிளவுட்’ என்பதை முகில் என்கிறோம். உண்மையில் அது எங்கோ ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் இரவும் பகலும் இயங்கும் கணினியே ஆகும். ஆங்கே நம் படங்கள் குடியிருக்கின்றன. நிபந்தனை வகுப்பவர் வீட்டுக்காரர். வரம்பற்ற இலவசப் படச் சேமிப்பைக் கூகுள் 2021 சூன் முதல் நாளோடு நிறுத்தியதை நாம் அறிவோம்.

அக்கணினியை நம் இல்லத்திலேயே அமைக்கலாம். தொழில்நுட்பம் பயின்றிருத்தல் வேண்டுவதில்லை, பொறுமை வேண்டும். தருவைகுளத்தில் படகின் பதிவுச்சான்றையும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலையும் ஒரே தகரப்பெட்டியில் காக்கும் குடும்பத்தார்க்கும் இது பயன்படும். பழைய கணினியொன்றோ, 2012இல் வெளிவந்த, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பையோ போதும். வன்தட்டொன்றைச் சேர்த்து, ரவுட்டருடன் கம்பியால் இணைத்தல் வேண்டும். 2016இல் தோன்றிய நெக்ஸ்ட்கிளவுட் என்னும் இலவச மென்பொருளை அதில் நிறுவி, அதன் செயலியைக் கைப்பேசியில் இட்டு, தானே பதிவேற்றும் வசதியை இயக்கினால், எடுக்கும் படங்கள் தாமே வந்து சேரும். வெளியூரிலிருந்து காண விழைவோர் ரவுட்டரின் வாயிலைத் திறந்து வையாது, டெயில்ஸ்கேல் போன்ற மறைவழியைக் கொள்வது நன்று.

ஆயின், வீடே மூழ்கினால் என் செய்வது? 2023 திசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று. தரையில் வைத்த கருவி அத்தகைய வெள்ளத்திற்குத் தப்பாது. பரணில் வைக்கலாம், உப்புக்காற்று அங்கும் வரும். எனவே இரண்டாம் வன்தட்டொன்றில் மாதந்தோறும் படியெடுத்து, அதனை வேற்றூர் உறவினர் இல்லத்தில் வைத்தலே தக்கது. அப்படியினின்று ஒரு கோப்பையேனும் அவ்வப்போது திறந்து பார்த்தலும் வேண்டும்.