உங்களுக்குத் தெரியுமா? பழைய கம்ப்யூட்டரும் வேறு கம்பெனி மானிட்டரும்

1980-களில் வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர்கள் பலவற்றோடு மானிட்டரே வராது. இங்கிலாந்தின் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்தை அப்போது புனேயில் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் விற்றது. வாங்கியவர்கள் வயரை டிவியின் ஆன்டெனா சாக்கெட்டில் செருகி, சேனலைத் திருகிப் படத்தைப் பிடிப்பார்கள். டிவி சாலிடேராக இருந்தாலும் சரி, டயனோராவாக இருந்தாலும் சரி. 'அதே கம்பெனி மானிட்டர்தான் சேரும்' என்று கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

*

பழைய டெஸ்க்டாப்பின் முதுகில் இருக்கும் நீல நிற, 15 துளை சாக்கெட்தான் விஜிஏ. 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்தது. கேபிளை உற்றுப் பார்த்தால் நடு வரிசையில் ஒரு பின் இல்லாமல் இருக்கலாம். ஒடிந்துபோய்விட்டது என்று பதற வேண்டாம். ஒன்பதாம் பின் இல்லாமலே பல கேபிள்கள் தயாராகின்றன.

ஆனால் முதல் வரிசையில் 1, 2, 3 மூன்றும் கட்டாயம் வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஆளுக்கொரு நிறத்தைச் சுமப்பவை அவை. திரை முழுக்க மஞ்சள் பூசியதுபோல் தெரிந்தால் நீலம் வரவில்லை. பச்சையும் நீலமும் கலந்த சாயலில் வெளிறினால் சிவப்பு வரவில்லை. மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன் பின் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்க ஸ்க்ரூவையும் முடுக்குங்கள். பாதி ரிப்பேர் அங்கேயே முடிந்துவிடும்.

*

புது மானிட்டரில் எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கிறதா? கன்வெர்ட்டர் வாங்கும்போது திசை முக்கியம். 'எச்டிஎம்ஐ டு விஜிஏ' என்று எழுதியிருப்பதைத் தலைகீழாக மாட்டினால் வேலை செய்யாது. உங்களுக்கு வேண்டியது 'விஜிஏ டு எச்டிஎம்ஐ'. பெரும்பாலும் கரண்டுக்கு ஒரு யுஎஸ்பி வாலும், சத்தத்துக்கு ஒரு ஆடியோ வயரும் அதில் தொங்கும்.

*

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தால் மானிட்டர் கெட்டுப்போகவில்லை. பழைய குண்டு மானிட்டருக்காக 85 ஹெர்ட்ஸில் வைத்த கம்ப்யூட்டரோடு 60, 75-க்கு மேல் தாங்காத எல்சிடி மல்லுக்கட்டுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி என்றால் ஆன் செய்ததும் எஃப்8-ஐத் தட்டி 'எனேபிள் விஜிஏ மோட்' கொடுத்து உள்ளே போய், 60-க்கு இறக்குங்கள்.

*

குற்றாலத்தில் சீசன் களைகட்டினால் தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை வரை வீட்டுக்குள்ளும் ஈரக்காற்றுதான். பரணில் கிடந்த குண்டு மானிட்டரை சாரல் நாளில் இறக்கி அப்படியே ஆன் செய்யாதீர்கள். கலர் பிக்சர் ட்யூபுக்குப் போவது 20,000 வோல்ட்டுக்கும் மேல். தூசியும் ஈரமும் சேர்ந்தால் உள்ளே பொறி தட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ட்யூபில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் மூடியைக் கழற்றும் வேலையே வேண்டாம்.

*

இலவச கலர் டிவி திட்டம் தொடங்கியது 2006-ல், இலவச லேப்டாப் திட்டம் 2011-ல். ஆட்சி வேறு, நாள் ஒன்று: செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அந்த லேப்டாப்பின் திரை உடைந்திருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். பக்கவாட்டு விஜிஏவில் எந்த மானிட்டரையும் மாட்டி, விண்டோஸ் கீயோடு 'பி'யை அமுக்கினால் படத்தை அங்கே மாற்றிக்கொள்ளலாம். அந்த 14 இஞ்ச் டிவியையே மாட்டினால் என்ன? அதில் ஏவி சாக்கெட் இருந்து, நடுவில் 'விஜிஏ டு ஏவி' பெட்டியும் இருந்தால் படம் வரும். வடிவேலு காமெடி பார்க்கலாம். எக்செல்லில் எழுத்து படிக்க முடியாது.