செயற்கைக்கால் செய்பவர் கணினி வழியாகக் கற்கலாமா?

சென்ற ஆண்டு நமது மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு உத்தமபாளையம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் வந்தார். நீரிழிவினால் ஏற்பட்ட புண் முற்றி, முழங்காலுக்குக் கீழே வலக்கால் அகற்றப்பட்டவர். அதற்கு முன்பு பல ஆண்டுகள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்று திரும்பியவர். செயற்கைக்கால் பொருத்தி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஆனால் இரண்டு ஊன்றுகோல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் உள்ளே வந்தார். கால் எங்கே என்று கேட்டேன். பழைய சேலையில் சுற்றிப் பரணில் வைத்திருப்பதாக உடன் வந்த மகன் சொன்னார்.

இதில் என் பங்கும் உண்டு. அவருடைய குறிப்பேட்டில் நான்கு மாதங்களுக்கு முன்பு, 'புண் ஆறியுள்ளது. செயற்கைக்கால் பெற்றுள்ளார்' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன். காலைப் பெற்றிருந்தார் என்பது உண்மை. அதை அணிந்து பத்தடி நடந்து காட்டுங்கள் என்று நான் அன்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்கு மாதங்கள் வீணாகியிருக்கமாட்டா.

அந்தக் காலைப் பரணிலிருந்து இறக்கி எடுத்துவரச் செய்து, நமது செயற்கை உறுப்புப் பணிமனையின் இளம் வல்லுநரிடம் அனுப்பினேன். அவர் பட்டம் பெற்று முறைப்படி பதிவு செய்தவர். பணியில் இருந்துகொண்டே மேற்பயிற்சி ஒன்றும் பெற்று வந்தார். பாடங்கள் இரவில் கணினி வழியாக நடக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு வாரம் நேரடிப் பயிற்சி. இதைப் பேச்சுவாக்கில் அறிந்த மகன், மறுநாள் என் அறைக்கு வந்து நேராகவே கேட்டார்: "ஏன் டாக்டர், ஆன்லைன்ல படிக்கிறவரா எங்கம்மாவுக்குக் கால் செய்யப் போறாரு?"

நியாயமான கேள்வி. இதே ஐயம் வேறு பலருக்கும் இருப்பதை அறிவேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில், செயற்கைக்கால் என்பது கடையில் அளவு பார்த்து வாங்கும் செருப்பைப் போன்றதன்று. பாதமும் இடையிலுள்ள குழாயும் ஆயத்தமாகக் கிடைக்கும். ஆனால் எஞ்சிய கால் நுழைந்து அமரும் சாக்கெட் என்ற கிண்ணப் பகுதியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும். எஞ்சிய காலின்மீது மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுப்பார்கள். அந்த அச்சுக்குள் பாரிஸ் சாந்தை ஊற்றிக் காலின் உருவத்தை வார்ப்பார்கள். பிறகு அந்த வார்ப்பைச் சில இடங்களில் செதுக்கியும், சில இடங்களில் சாந்து பூசி உயர்த்தியும் திருத்துவார்கள். திறமை முழுவதும் அந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள தசைநாண் உடலின் பாரத்தைத் தாங்கும். ஆகவே அங்கே செதுக்கலாம். முன்னெலும்பின் விளிம்பும், அது வெட்டப்பட்ட நுனியும், வெளிப்புறச் சிற்றெலும்பின் தலைப்பகுதியும் அழுத்தத்தைத் தாங்கமாட்டா. அங்கே இடம் விட வேண்டும். ஒரு சில மில்லிமீட்டர் பிசகினாலும் தோல் உரியும். நீரிழிவு உள்ளவருக்குத் தோல் உரிவது சிறிய செய்தி அன்று. மீண்டும் புண், மீண்டும் அறுவை என்று அது இழுத்துச் செல்லக்கூடும்.

சாக்கெட் சரியாக அமைந்த பின்பு, பாதத்தை எந்தக் கோணத்தில், எவ்வளவு முன்னோ பின்னோ வைப்பது என்பதைப் பார்க்க வேண்டும். முதலில் மேசைமேல் வைத்துப் பொருத்துவார்கள். அடுத்து அணிந்தவரை நிற்க வைத்துத் திருத்துவார்கள். இறுதியாக நடக்க வைத்துத் திருத்துவார்கள். அவசரத்தில் பெரும்பாலும் கைவிடப்படுவது இந்த மூன்றாவது படிதான்.

இவற்றில் எதைத் திரையில் கற்கலாம்? உடற்கூறு, நடையின் இயக்கவியல், பிளாஸ்டிக் வகைகளின் தன்மை, நீரிழிவு, தொழுநோய், இளம்பிள்ளை வாதம், பக்கவாதம் ஆகியவை காலை எப்படிப் பாதிக்கின்றன என்பன போன்ற அனைத்தையும் நன்றாகவே கற்கலாம். நடையைக் கண்டு குறை காண்பதற்குத் திரை ஒருவகையில் வகுப்பறையைவிடச் சிறந்தது. ஒருவர் நம்முன் நடக்கும்போது ஓர் அடி எடுத்து வைப்பது ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். காணொளியை நிறுத்தலாம், மெதுவாக ஓட்டலாம், குதிகால் தரையில் படும் அந்தக் கணத்தில் முழங்கால் எந்தப் பக்கம் போகிறது என்று பத்து முறை பார்க்கலாம். தொலைவில் உள்ள ஆசிரியரும் அதே காட்சியைப் பார்த்துக் கருத்துச் சொல்லலாம்.

திரையில் கற்க முடியாதது எது என்று கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கவாத்து செய்வது எப்படி என்று கைப்பேசியில் எத்தனையோ காணொளிகள் உள்ளன. அவற்றைப் பார்த்துவிட்டு முதல் முறையாகக் கத்தரிக்கோல் எடுப்பவரிடம் தம் தோட்டத்தை யாரும் ஒப்படைப்பதில்லை. எத்தனை கண் விட்டு வெட்டுவது என்பது கொடியைத் தொட்டுப் பார்க்கும் கைக்குத்தான் தெரியும். மாவுக்கட்டு ஈரமாக இருக்கும் சில நிமிடங்களுக்குள் எலும்பு எங்கே, சதை எங்கே, வலி எங்கே என்று விரல்கள் அறிய வேண்டும். அறிந்த இடத்தில் அளவாக அழுத்த வேண்டும். அந்த அளவைச் சொல்லால் கற்பிக்க இயலாது. ஆசிரியர் தம் கைகளை மாணவரின் கைகள்மேல் வைத்து அழுத்திக் காட்ட வேண்டும். நேரடிப் பயிற்சி வாரங்கள் இதற்காகவே உள்ளன. அந்த வாரங்கள் இல்லாத ஒரு பயிற்சியை மட்டும் முடித்தவர் உங்கள் காலைத் தொடுவதை நான் ஏற்கமாட்டேன்.

சட்டமும் இத்துறையை அப்படியே விட்டுவிடவில்லை. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்துக் குழுமத்தின் பதிவேட்டில் பெயர் பெற்றவரே இத்தொழிலைச் செய்யலாம். பட்டப்படிப்புக்கு நான்கு ஆண்டுகளும் அதன்பின் ஆறு மாத உள்ளிருப்புப் பயிற்சியும் உண்டு. சென்னை கலைஞர் கருணாநிதி நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டிலுள்ள பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம், பெங்களூரின் மொபிலிட்டி இந்தியா ஆகியவை நம் பகுதி மாணவர்கள் செல்லக்கூடிய இடங்களுள் சில. பதிவைப் புதுப்பிக்கவும் தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. நமது வல்லுநர் கணினியில் கற்பது அந்த அடிப்படைப் பட்டத்துக்கு மாற்றாக அன்று, அதற்கு மேலாக.

அப்படியானால் அவரை ஓராண்டு விடுப்பில் அனுப்பி நேராகவே படிக்க வைக்கலாமே என்று கேட்கலாம். இங்கேதான் எண்ணிக்கை குறுக்கே வருகிறது. மக்கள்தொகையில் சுமார் 0.5 விழுக்காட்டினருக்குச் செயற்கை உறுப்போ காலிப்பர் போன்ற துணைக்கருவியோ தேவைப்படும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2011 கணக்கெடுப்பின்படி தேனி மாவட்ட மக்கள்தொகை 12 லட்சத்து 45 ஆயிரம். கணக்குப் போட்டால் ஆறாயிரம் பேருக்கு மேல் வருகிறது. 2017-இல் அந்நிறுவனம் வெளியிட்ட தர வரையறைகள், பத்து லட்சம் மக்களுக்கு ஐந்து முதல் பத்து வல்லுநர்களாவது வேண்டும் என்கின்றன. ஒரே வல்லுநரைக் கொண்டு இயங்கும் பணிமனையில் அவர் ஓராண்டு வெளியூர் சென்றால் பணிமனைக்குப் பூட்டுத்தான். சாக்கெட் தளர்ந்தவரும், காலிப்பரின் வார் அறுந்தவரும், வளரும் குழந்தைக்கு வளைபாதத்துக்கான காலணியை மாற்ற வந்த தாயும் மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டும். ஒரு நாள் கூலியையும் இழக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. மத்திய அமெரிக்காவின் சிறு நாடான எல் சால்வடாரில் 1992-இல் முடிவுற்ற உள்நாட்டுப் போர், கண்ணிவெடியில் கால் இழந்த பலரை விட்டுச் சென்றது. அங்குள்ள தொன் போஸ்கோ பல்கலைக்கழகம் ஜெர்மனியின் தொழில்நுட்ப உதவியுடன் இத்துறைப் படிப்பைத் தொடங்கியது. பின்னர், பணிமனைகளில் ஏற்கெனவே பல்லாண்டுகள் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் இடத்தைவிட்டு நகராமல் படிக்கத் தொலைநிலைக் கல்வியையும் அமைத்தது. அவ்வழியை ஜெர்மனியின் ஹியூமன் ஸ்டடி என்ற அமைப்பு வேறு நாடுகளுக்கும் கொண்டு சென்றது. பாடம் திரையில், செய்முறை, மாணவரின் சொந்தப் பணிமனையில், அவருடைய சொந்த நோயாளிகளிடம், வருகை தரும் ஆசிரியரின் கண்முன். இலங்கையில் வேறு வழி எடுத்தார்கள்: யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர்க் கால் மையம் இயங்கி வந்த நாட்டில், 2004-இல் ராகமவில் இதற்கென ஒரு பள்ளியையே நிறுவினார்கள். பள்ளி கட்டுவதே சிறந்தது என்பது என் கருத்து. ஆனால் பள்ளி வரும்வரை நோயாளியைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

அந்தப் பெண்மணியிடம் திரும்புவோம். அவருடைய அனுமதி பெற்று, அவர் நடப்பதைக் கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து பதிவு செய்தோம். முகம் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். அன்றிரவு வேறோர் ஊரிலிருந்த ஆசிரியர் அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். சமதரையில் பெரிய குறை தெரியவில்லை. "பிறகு ஏன் முன்னெலும்பின் நுனியில் தழும்பு?" என்று கேட்டார். நமது வல்லுநரிடம் விடை இல்லை. மறுநாள் அதை அந்த அம்மாவிடமே கேட்டார். அவர் சொன்னார்: "ஆஸ்பத்திரித் தரை வழவழன்னு இருக்குய்யா. எங்க வீடு மேட்டுல இருக்கு. எறங்கும்போது முழங்காலு முன்னாடி தள்ளுது, அப்பத்தான் கடிக்குது."

விளக்கம் அதிலேயே இருந்தது. கணுக்கால் மடங்காத பாதத்தை அணிந்து சரிவில் இறங்கினால், குதிகால் பட்டதும் பாதம் தரையில் படிய, அதனுடன் முழங்காலும் முன்னோக்கித் தள்ளப்படும். விழாமல் இருக்கத் தொடைத்தசை இறுகும். அப்போது எஞ்சிய எலும்பின் நுனி சாக்கெட்டின் முன்சுவரில் மோதும். கூடவே, அறுவைக்குப் பிந்தைய வீக்கம் வடிந்து அவர் கால் சிறுத்திருந்ததால் சாக்கெட் தளர்ந்து, கால் உள்ளே ஆழமாக இறங்கியும் இருந்தது. ஆசிரியருக்கு நடையியல் தெரியும். அந்த வீட்டு மேடு தெரியாது. நமது வல்லுநரோ அதுவரை சமதரையில் மட்டுமே சோதித்துப் பழகியவர். சரிவுப் பாதையைப் பற்றிய பாடத்தை அந்த அம்மாதான் நடத்தினார்.

அடுத்த நேரடிப் பயிற்சி வாரத்தில் ஆசிரியர் உடனிருக்க, புதிய அச்சு எடுக்கப்பட்டது. குதிகால் மென்மையான பாதம் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. மேடுபள்ளமும் ஈரமும் நிறைந்த நம் நிலத்துக்கு இத்தகைய தேர்வு முக்கியமானது. 1960-களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் ரப்பர்ப் பாதம் ஒன்றை உருவாக்கியதே, காலணியின்றி வயலில் இறங்கவும், குந்தி அமரவும் வேண்டிய மக்களுக்காகத்தான். நமது வல்லுநர் இப்போது அனைவரையும் மருத்துவமனையின் சாய்தளத்திலும் நடக்க வைத்துப் பார்க்கிறார். நானும் குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன்பு அங்கே சென்று நிற்கிறேன்.

அந்த அம்மா இப்போது வீட்டுக்கும் தெருக்குழாய்க்கும் கடைக்கும் காலுடன் நடக்கிறார். ஏலத்தோட்டத்துக்குத் திரும்பவில்லை, அது இயலும் என்று நான் வாக்களிக்கவும் இல்லை. மாதம் ஒருமுறை தோலைக் காட்ட வருகிறார்.

உங்களுக்குக் கால் செய்பவரிடம் மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். அவர் தவறாக எண்ணமாட்டார். பயிற்சிக்காகக் காணொளி எடுக்க அனுமதி கேட்டால், யார் பார்ப்பார்கள் என்று கேட்டறிந்த பின் முடிவு செய்யுங்கள்; மறுத்தாலும் உங்கள் சிகிச்சை குறையாது. உங்கள் வீட்டுப் படி, வரப்பு, குளியலறை எப்படி இருக்கும் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். காலைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். பின்பக்கத்துக்குச் சிறு கண்ணாடி உதவும். சிவந்த இடம் கால் மணி நேரத்தில் மறையாவிட்டால் அன்று மீண்டும் அணியாமல் எங்களிடம் வாருங்கள். பரணில் கால் ஒன்று இருந்தால், அது எங்கே செய்யப்பட்டதாயினும், அதையும் கையோடு எடுத்து வாருங்கள்.